முன் சக்கர இழுவை தற்போது கிடைக்கவில்லை

பயண மணி 0:20 | 4 கி.மீ. | மச்சாதுவிடம் காற்று: 30 மணி

வண்டி எண் 2, வேழம் வகை. நிலவின் தென்முனை, ஊற்று நிலையத்திலிருந்து மேற்கு நோக்கி. ஓட்டுநர் பொன்னரசி, வயது ஐம்பத்தொன்று, வண்டிப் பிரிவு மெக்கானிக். மின்கலம் 98 சதவீதம். கேபின் அழுத்தம் சரி. நான்கு சக்கரங்களின் சுற்றளவும் அளக்கப்பட்டது, சரி. கையெழுத்துப் போட்டாயிற்று.

இலக்கு, 118 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஏழாம் துளைக்குழி. அங்கே கிளாரன்ஸ் மச்சாது, துளைப் பணியாளன், தூத்துக்குடிக்காரன், இருபத்தொன்பது வயது, வண்டி எண் 1-ஐ ஒரு சரிவில் கவிழ்த்துவிட்டு அதற்குள்ளேயே கிடக்கிறான். வலது கால் முறிந்திருக்கிறது. ஆக்சிஜன் தொட்டியில் கசிவு. மீதிக் காற்று முப்பது மணி நேரத்துக்கு வரும். நான் ஒன்பது மணி நேரத்தில் போய்விடுவேன். அவசரம்தான், ஆனால் பதற ஒன்றுமில்லை.

இதைத் தாளில் எழுதக் காரணம் இருக்கிறது. வண்டிக்கென்று ஒரு மின்பதிவேடு உண்டு. அதில் நம் வாயால் ஒரு பழுதைச் சொன்னாலோ, எதையாவது கழற்றி மாட்டியதாகச் சொன்னாலோ, கம்பெனி பூமியிலிருந்து பார்த்து ஒப்புதல் தரும்வரை வண்டி நகராது. குறைந்தது நான்கு நாள். நடுவழி என்றாலும் அங்கேயே நின்றுவிடும். எழுதினால்தான் என்றில்லை. வானொலியில் பேசுவதையும் வண்டி ஒட்டுக்கேட்டுத் தானே பதிவில் ஏற்றிக்கொள்ளும். போன மாதம் பேச்சுவாக்கில் "பிரேக் லேசா இழுக்குது" என்று சொன்னேன், நான்கு நாள் படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து நிலையத்தில் பதினோரு பேரும் வண்டிக்குள் வாயைத் திறப்பதில்லை. பதிவேட்டில் எல்லோரும் எழுதுவது ஒன்றேதான், எல்லாம் சரி. உண்மையை எழுத எனக்கு இந்த நோட்டு. யார் கையில் கிடைக்கிறதோ அவர் படித்துக்கொள்ளட்டும்.


பயண மணி 5:40 | 74 கி.மீ. | மச்சாதுவிடம் காற்று: 24 மணி 40 நிமிடம்

சாம்பல் மேட்டின் அடிவாரத்தில் நிற்கிறேன்.

மேடு ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம். மண் சலித்த மாவு மாதிரி. பின் சக்கரங்களை மட்டும் நம்பி ஏறினால் குழி பறித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். முன் சக்கரங்களும் சேர்ந்து இழுத்தால்தான் மேலே போக முடியும். அதற்காகத்தான் இந்த வண்டியையே இங்கே இறக்கினார்கள். ஏற்றத்தில் இருபது மீட்டர் போனதும் திரையில் மஞ்சள் எழுத்து வந்தது. "முன் சக்கர இழுவை தற்போது கிடைக்கவில்லை. உங்கள் பாதுகாப்பே எங்கள் மகிழ்ச்சி."

பின்னால் வந்து, வேகமெடுத்து, மூன்று முறை ஏறிப் பார்த்தேன். மூன்று முறையும் அச்சு வரைக்கும் புதைந்து, மண்வெட்டியோடு இறங்கி நானே தோண்டி எடுத்தேன்.

திருச்செங்கோட்டில் நான் தொழில் பழகிய போர்வெல் லாரியில் ஸ்டீயரிங் பக்கத்தில் ஓர் இரும்புக் குச்சி இருந்தது. தள்ளினால் முன் சக்கரம் இழுக்கும். திரும்ப இழுத்தால் விட்டுவிடும். இதில் குச்சி கிடையாது, பொத்தான் கிடையாது. இழுவை வேண்டுமா வேண்டாமா என்று வண்டியே யோசித்து முடிவு செய்யுமாம். விளம்பரத்தில் இதைத்தான் பெருமையாகப் போட்டிருந்தார்கள். வேழமாம். இதற்குப் பெயர் வைத்தவன் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.


பயண மணி 7:15 | 74 கி.மீ. | மச்சாதுவிடம் காற்று: 23 மணி 5 நிமிடம்

முறைப்படி ஆரம்பித்தேன். முழுவதும் அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே மஞ்சள் எழுத்து. சின்ன மின்கலத்தின் மின்னழுத்தம் குறைந்தால் இந்தக் கணினிகள் முதலில் முன் இழுவையைத்தான் கைவிடும், அதனால் அதைப் பார்த்தேன். குறையவில்லை. ஃப்யூஸ்கள் எல்லாம் முழுதாக இருக்கின்றன. நான்கு சக்கரத்திலும் சுற்று எண்ணும் சென்சார் ஒன்று உண்டு. நான்கின் வயரையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். எல்லாம் வேலை செய்கின்றன.

திரையில் உள்ளே போய்ப் போய்த் தேடியதில் ஒரு வரி கிடைத்தது. "சுழற்சி வேறுபாடு. விவரங்களுக்கு அருகிலுள்ள சேவை மையத்தை அணுகவும்." அருகிலுள்ள சேவை மையம் மூன்று லட்சத்து எண்பத்து நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எந்தச் சக்கரம், எவ்வளவு வேறுபாடு என்று சொல்ல இதற்கு வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டால் நானே சரிசெய்துவிடுவேனே, அதுதான் பயம்.

மச்சாது வானொலியில் வந்தான். குரல் தெளிவாக இருந்தது.

"அக்கா, சக்கரத்த ஒரு தடவ எறங்கிப் பாத்தியளா?"

"சக்கரம் நாலும் வட்டமாத்தான்டா இருக்குது. நீ பேசிப் பேசிக் காத்தக் கரைக்காத. பேசாம படு."

"சரிக்கா."


பயண மணி 9:30 | 74 கி.மீ. | மச்சாதுவிடம் காற்று: 20 மணி 50 நிமிடம்

வேறு வழியில்லாமல் கம்பெனியைக் கூப்பிட்டேன். பன்னிரண்டு நிமிடம் வீணை வாசித்தார்கள். பிறகு நிகில் என்று ஒரு பையன் வந்தான். என் பெயர், வண்டி எண், வண்டியின் நிறம் எல்லாம் கேட்டான். நிலவில் இந்த வகை வண்டி இரண்டே இரண்டுதான் இருக்கிறது, ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது, மற்றது நான் என்று சொன்னேன். நிறத்தையும் சொல்லச் சொன்னான்.

பழுது என்ற சொல் வாயில் வராமல் பார்த்துப் பார்த்துப் பேசினேன். எச்சிலை விழுங்கிக்கொண்டு பேசுவது போல இருந்தது. அவன் நிதானமாக விளக்கினான்.

"அது பழுது இல்லீங்க மேடம், பாதுகாப்பு அம்சம். நாலு சக்கரமும் ஒரே மாதிரி சுத்தலன்னு வண்டி நெனைக்குது. அப்படிச் சுத்தினா முன் அச்சும் பின் அச்சும் ஒண்ண ஒண்ணு இழுத்துக் கெட்டுப்போகும். அதனால தானே முன் இழுவைய நிறுத்திக்குது."

எந்தச் சக்கரம் என்று கேட்டேன். அந்த விவரம் தங்களுக்கும் காட்டாது என்றான். கிளம்பும் முன் நான்கையும் அளந்துதானே எடுத்தீர்கள் என்று கேட்டான். அளந்தேன் என்றேன். அப்படியானால் சென்சார்தான் குழம்பியிருக்கிறது, புதிதாகக் கற்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தான். சமதளத்தில் இரண்டு கிலோமீட்டர், நேர்கோட்டில், மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகாமல், மூன்று முறை ஓட்ட வேண்டுமாம். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் வண்டியைப் பதினைந்து நிமிடம் அணைத்து வைக்க வேண்டுமாம்.

ஒருத்தன் மூச்சுமுட்டிச் சாகக் கிடக்கிறான் என்று சொன்னேன். "உங்க சிரமம் எனக்குப் புரியுது மேடம்" என்றான். மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறானாம், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பதில் வருமாம். அந்தப் பையன் மேல் கோபம் வரவில்லை. அவனுக்கு அந்த வரிகளை எழுதிக் கொடுத்தவர்கள் மேல்தான் வருகிறது.


பயண மணி 12:40 | 74 கி.மீ. | மச்சாதுவிடம் காற்று: 17 மணி 40 நிமிடம்

மூன்று முறை ஓட்டினேன். மண்ணில் கோடு போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கோட்டிலேயே ஓட்டினேன். நடுவில் பதினைந்து பதினைந்து நிமிடம் இருட்டுக் கேபினில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பச்சை எழுத்து வந்தது. "கற்றல் வெற்றிகரமாக முடிந்தது." மேட்டில் ஏறினேன். முப்பது மீட்டரில் மஞ்சள் எழுத்து.

இரண்டரை மணி நேரம் போயிற்று. இது மச்சாதுவின் இரண்டரை மணி நேரம், என்னுடையது அல்ல.

மச்சாது வானொலியில் மறுபடி வந்தான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அக்கா, வண்டில பின்பெட்டில கயிறு கெடக்கும். எடுத்து வச்சுக்கிடுங்க."

"கயிறு கட்டி இழுக்க இங்கென்ன தேரா ஓடுது? இன்னொரு தடவ பேசுனீன்னா வானொலிய அமத்திப்போடுவேன். தூங்குடா."

அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். ஒன்றுமில்லை என்றான். காற்றுக் குறைந்தால் மூளை குழம்பும் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். உளறுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.


பயண மணி 15:50 | 74 கி.மீ. | மச்சாதுவிடம் காற்று: 14 மணி 30 நிமிடம்

வெளி உடுப்போடு வண்டிக்கு அடியில் படுத்து, முன் அச்சையும் பின் அச்சையும் சேர்க்கும் இணைப்புப் பெட்டியைத் திறந்தேன். பதினெட்டு போல்ட், பதினெட்டும் வேறு வேறு அளவு. எவனோ ஒருவன் மேசையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே இதை வரைந்திருக்கிறான். உள்ளே தூசி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. புதிதாக வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே பளபளவென்று இருக்கிறது. கையால் தள்ளிப் பார்த்தேன், நன்றாகச் சேர்கிறது, நன்றாகப் பிரிகிறது. எல்லாப் பாகமும் நன்றாக இருக்கிறது, வண்டி மட்டும் ஓடாது.

உள்ளே வந்து தலைக்கவசத்தைக் கழற்றினால் நிலவுத் தூசியின் நாற்றம், வெடித்து முடிந்த பட்டாசுக் குப்பை மாதிரி. உடுப்புக்குள் சிறுநீருக்காகக் கட்டியிருக்கும் துணி நனைந்து ஆறு மணி நேரம் ஆகிறது. மாற்றப் பொறுமையில்லை. திரையில், நான் நெடுநேரமாக ஓட்டுவதாகவும் ஒரு தேநீர் அருந்தலாம் என்றும் ஒரு கோப்பைப் படம் வந்தது. திரையின் மேல் துண்டைப் போட்டு மூடினேன்.

நிலையத்தைக் கேட்டேன். வேறு வண்டி எதுவும் வருவதற்கில்லை. நடந்து போனால் நாற்பத்து நாலு கிலோமீட்டர், என் உடுப்பில் காற்று எட்டு மணி நேரம். போய்ச் சேர மாட்டேன்.

மச்சாது மூன்று மணி நேரமாகப் பேசவில்லை. சொன்னபடி கேட்கிறான் என்று திருப்திப்பட்டேன்.


பயண மணி 18:20 | 74 கி.மீ. | மச்சாதுவிடம் காற்று: 12 மணி

கண்டுபிடித்துவிட்டேன். எழுதக் கை வரவில்லை.

வண்டியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். சூரியன் அடிவானத்தை ஒட்டி நிற்பதால் சின்னத் தடத்துக்கும் நீள நிழல் விழுகிறது. வண்டி வளைந்து திரும்பிய இடத்தில் நான்கு சக்கரத் தடங்களும் பிரிந்து தெரிந்தன. மூன்று தடங்களில் பட்டையின் அச்சு மழுங்கி, பல் தேய்ந்து கிடந்தது. இடது முன் சக்கரத்தின் தடத்தில் மட்டும் அச்சு கத்தியால் வெட்டியது போல் கூர்மையாக இருந்தது.

பின்பெட்டியைத் திறந்து, சக்கரம் அளக்க அளவு குறித்து வைத்த கயிற்றை எடுத்தேன். வலது சக்கரத்தைச் சுற்றி அளந்தேன், 278 சென்டிமீட்டர். இடது சக்கரம், 283. துணியால் துடைத்தேன். மேலே அப்பியிருந்த மண் போனதும் புத்தம் புதிய உலோக வலை பளிச்சென்று தெரிந்தது. இது ஸ்டெப்னி. யாரோ கழற்றி மாட்டிவிட்டு, புதிது என்று தெரியாமலிருக்க மண்ணைத் தேய்த்துப் பூசி வைத்திருக்கிறார்கள். பெரிய சக்கரம் குறைவாகச் சுற்றும். மற்ற மூன்றும் அதிகமாகச் சுற்றும். வண்டி சொன்னது முழு உண்மை.

யாரோ என்ன, மச்சாதுதான். அவன் வண்டியில் ஒரு சக்கரம் கிழிந்திருக்கும். ஸ்டெப்னியைத் தன் வண்டியில் போட்டால் முன் இழுவை போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு வண்டியும் ஒரே அளவு தேய்ந்தவை. சும்மா நின்றிருந்த என் வண்டியிலிருந்து தேய்ந்த சக்கரத்தைக் கழற்றித் தனக்குப் போட்டுக்கொண்டு, ஸ்டெப்னியை எனக்கு மாட்டியிருக்கிறான். திரும்பி வந்து மாற்றிவிடலாம் என்ற நினைப்பு. எழுதினால் நான்கு நாள் வண்டி நிற்கும், குழியில் சிக்கிய துளைப்பானின் முனையை அவன் உடனே போய் எடுக்க வேண்டியிருந்தது. நானாக இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

அவன் முதலில் சக்கரத்தைப் பார்க்கச் சொன்னான். பிறகு கயிறு என்றான். வெளிப்படையாகச் சொன்னால் வண்டி கேட்டுவிடும், நான்கு நாள் நின்றுவிடும், நான் அவனிடம் போகவே முடியாது. தன் உயிரைக் காப்பாற்றும் ஒரு வாக்கியத்தை அவன் வாய்க்குள்ளேயே வைத்திருந்தான். நான் அவனை வாயை மூடச் சொன்னேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நான்கு சக்கரமும் அளந்ததாகக் கிளம்பும்போது கையெழுத்துப் போட்டது நான். அளக்கவில்லை. ஒன்பது மாதமாக ஒரு நாளும் அளந்ததில்லை. நிகில் நேராகவே கேட்டான், அவனிடமும் அளந்தேன் என்றேன். கயிற்றைச் சுற்றி எடுக்க நான்கு நிமிடம் ஆகிறது. கம்பெனியைத் திட்டித் திட்டி வாய் வலிக்கிறது, இப்போது என்னைத் திட்ட எனக்குச் சொல் கிடைக்கவில்லை.


பயண மணி 20:45 | 74 கி.மீ. | மச்சாதுவிடம் காற்று: 9 மணி 35 நிமிடம்

ஒத்த சக்கரம் இங்கே இல்லை. அதனால் வண்டியிடம் பொய் சொன்னேன். இடது முன் சென்சாரின் வயரை வெட்டிவிட்டு, வலது சக்கரத்தின் எண்ணிக்கையே இரண்டு பக்கமும் போகும்படி ஒட்டிவிட்டேன். தடித்த கையுறையோடு அந்த மெல்லிய வயரைச் சீவ இரண்டு மணி நேரம் ஆயிற்று. துண்டை விலக்கிப் பார்த்தேன். மஞ்சள் எழுத்து போய்விட்டது. நான்கு சக்கரமும் தயார் என்கிறது.

கிளம்பும் முன் அவனைக் கூப்பிட்டேன்.

"மச்சாது, கயிறு கெடச்சிருச்சுடா."

அவன் அழுவது கேட்டது.

"மன்னிச்சிருங்கக்கா."

உடனே திரையில் ஒரு பெட்டி வந்தது. "உரையாடலில் மன்னிப்பு கோரப்பட்டுள்ளது. வண்டியில் ஏதேனும் பழுது உள்ளதா?" இல்லை என்று தொட்டேன். பிறகு அவனிடம், உன் சமையலுக்காக மன்னிப்புக் கேட்கிறாயாக்கும் என்று சத்தமாகச் சொன்னேன். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆமா அக்கா என்றான். ஓர் இயந்திரத்துக்கு முன்னால் இரண்டு பேர் இப்படி நாடகம் போட வேண்டியிருக்கிறது. சீ.


பயண மணி 25:15 | 82 கி.மீ. | மச்சாதுவிடம் காற்று: 5 மணி 5 நிமிடம்

மேட்டின் உச்சிக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர். வண்டி நிற்கிறது. இணைப்புப் பெட்டி கொதிக்கிறது.

நிகில் சொன்னது சரிதான். அளவு ஒவ்வாத சக்கரத்தோடு ஓட்டினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று பிய்க்கும். சூடு எல்லை தாண்டினால் பெட்டி உருகிவிடும். இரண்டு கிலோமீட்டர் போவது, முக்கால் மணி நேரம் நிற்பது என்று ஏறிக்கொண்டிருக்கிறேன். உச்சி தாண்டினால் சமதளம், அங்கே முன் இழுவையே தேவையில்லை. ஆனால் அணைக்க வழியில்லை. கொடு என்று கெஞ்சியபோது கொடுக்கவில்லை, வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்ள மறுக்கிறது. ஒட்டிய வயரைப் பிரித்தால் அணைந்துவிடும்தான். துளைக்குழிக்கு முன்னால் இன்னொரு தூள் பரப்பு இருக்கிறது, அங்கே மறுபடி ஒட்ட இரண்டு மணி நேரம் வேண்டும். அவனிடம் அவ்வளவு இல்லை.

கம்பெனியிடமிருந்து செய்தி வந்தது. என் புகாரை ஆராய்ந்தார்களாம், வண்டி இப்போது நன்றாக ஓடுவதால் புகாரை முடித்து வைக்கிறார்களாம். சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவேன் என்று கேட்டிருக்கிறார்கள்.

மச்சாதுவோடு கொஞ்சம் பேசினேன். குளிர்கிறது என்றான். கால் வலி இப்போது தெரியவில்லை என்றான், அது எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

"நான் வண்டிய ஒழுங்காத்தான் ஓட்டுனேன்னு எங்க வீட்ல சொல்லிருங்கக்கா. ஆகாத வேல பாத்து செத்தான்னு பேரு வரப்பிடாது."

நீயே போய்ச் சொல்லிக்கோ என்றேன்.


பயண மணி 29:40 | 112 கி.மீ. | மச்சாதுவிடம் காற்று: 40 நிமிடம்

ஆறு கிலோமீட்டர். ஆறே கிலோமீட்டர்.

தூள் பரப்பு தாண்டியாயிற்று. இனி ஒட்டிய வயரைப் பிரிக்கலாம், ஆனால் உடுப்பு மாட்டி இறங்கி ஏறவே அவனிடம் இருக்கும் நேரம் போய்விடும். சூட்டு முள் சிவப்பில். இப்போது ஓட்டினால் பெட்டி உருகும், பிறகு அவனை ஏற்றிக்கொண்டு திரும்ப முடியாது. ஓட்டாவிட்டால் அவனே இருக்க மாட்டான். நாற்பது நிமிடம் குளிரவிட்டு, முப்பது நிமிடம் ஓட்ட வேண்டும். எழுபது நிமிடம். அவனிடம் நாற்பது. கணக்கு எப்படிப் போட்டாலும் முப்பது நிமிடம் இடிக்கிறது.

பத்து நிமிடம்தான் பொறுத்தேன். கிளம்பிவிட்டேன். ஒரு கையால் எழுதுகிறேன். உருகினால் உருகட்டும்.

அவனைப் பேசச் சொன்னேன். பேச்சு நின்றால் போய்விடுவான்.

"பேசுடா. ஏதாச்சும் பேசு கண்ணு. எதையாவது சொல்லு."

"நீங்கதான... பேசாதன்னீய."

சிரித்தான் என்று நினைக்கிறேன். மூச்சுதான் அப்படிக் கேட்டதோ என்னவோ.

115-ஆவது கிலோமீட்டரில் பெட்டியிலிருந்து ஒரு சத்தம். வண்டி தானே நின்றுவிட்டது. குளிரும்வரை நகராதாம். இருபத்தைந்து நிமிடமாம். திரையை முஷ்டியால் குத்தினேன். விரிசல்கூட விழவில்லை, இதை மட்டும் நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

மூன்று கிலோமீட்டர் ஓடுவதற்கு உடுப்பை மாட்ட இருபது நிமிடம் ஆகும். மாட்டிக்கொண்டிருக்கிறேன். அவன் மூச்சு கேட்கிறது. கேட்கிறது. இப்போது


பயண மணி 33:10 | 118 கி.மீ.

மேலே அவன் காற்றைக் குறிக்க வேண்டிய அவசியம் இனி இல்லை.

உடுப்பை மாட்டி வெளிக் கதவைத் திறப்பதற்குள் வண்டி தயாராகிவிட்டது, ஆனால் ஊர்ந்துதான் போனது. போய்ச் சேர்ந்தபோது மணி 31:05. 30:15-க்கு அவன் மூச்சுச் சத்தம் நின்றது. ஐம்பது நிமிடம். கோட்டில் ஓட்டிக் காட்டியதற்கும், பதினைந்து பதினைந்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்ததற்கும் இரண்டரை மணி நேரம். போல்ட் கழற்றியதற்கு மூன்று மணி நேரம். அவனை வாயை மூடச் சொன்னதற்கு இரண்டு விநாடி.

கவிழ்ந்த வண்டியின் கதவை நெம்பித் திறந்தேன். முகத்தில் வலி எதுவும் தெரியவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. மடியில் வானொலிக் கருவி. இறுக்கிப் பிடித்திருந்த விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. என் வண்டியின் பழைய சக்கரம், ஓரத்தில் 2 என்று பொறித்தது, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அதைக் கழற்றி என் வண்டியில் மாட்டினேன். வெட்டிய வயரை ஒழுங்காகச் சேர்த்தேன். இப்போது நான்கும் 278. இந்த முறை கயிறு வைத்து அளந்தேன், நான்கையும், இரண்டு இரண்டு முறை.

அவனைத் தூக்கிப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தேன். இங்கே எடை குறைவு, சிரமமில்லை. வண்டியை உயிர்ப்பித்ததும் மணி அடிக்க ஆரம்பித்தது. "பயணி இருக்கைப் பட்டை அணியவில்லை." விடாமல் அடித்தது. மாட்டிவிட்டேன். தலை சாயாமலிருக்கக் கழுத்துக்குத் துண்டை மடித்து வைத்தேன். "நன்றி" என்றது.

கிளம்பப் போனால் திரையில் ஒரு கேள்வி. வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கியதைக் கவனித்திருக்கிறது. "இந்தப் பயணத்தில் சக்கரம் ஏதேனும் மாற்றப்பட்டதா? ஆம். இல்லை."

ஆம் என்று தொட்டால் எல்லாம் பதிவில் ஏறும். ஸ்டெப்னி, மண் பூச்சு, என் பொய்க் கையெழுத்து, அவன் எதனால் செத்தான் என்பது. கம்பெனி பதில் சொல்ல வேண்டி வரும். இதே வகை வண்டியில் இனி உட்காரப் போகிறவர்களுக்காவது தெரியும். அந்த நொடியே வண்டி நான்கு நாள் நின்றுவிடும். சூரியன் மறைய இன்னும் நாற்பது மணி நேரம். என்னிடம் காற்று இருபத்தேழு.

இல்லை என்று தொட்டால் பதிவில் ஒரே வரி நிற்கும். வண்டி நல்ல நிலையில் இருந்தது, ஓட்டுநர் தாமதமாக வந்தார். நிலையத்துக்குப் போன பிறகு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. போன பிறகு வண்டியை நான்கு நாள் நிறுத்த யாருக்கு மனம் வரும்? பதினோரு பேருக்கும் பனிக்கட்டி ஏற்றி வர இந்த ஒரு வண்டிதான் மிச்சம். இல்லை, பதினோரு பேர் இல்லை, பத்துப் பேர்.

அவன் பெயர் கெடக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்தேன் என்று அவன் வீட்டில் சொல்லலாம். கேட்க நன்றாகவும் இருக்கும். இதைப் படிப்பவருக்கு மட்டும் உள்ளதைச் சொல்கிறேன், அவனை நான் நினைக்கவே இல்லை. எனக்குத் திரும்பிப் போக வேண்டும்.

இல்லை என்று தொட்டேன். பழகிய கை.

மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறோம். நான்கு சக்கரமும் அருமையாக இழுக்கின்றன.